கேரமல் ஆப்பிளில் கேரமல் ஏன் நழுவுகிறது? முதல்நாளே செய்து வைக்கலாமா?

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளி விழாவுக்கு 40 கேரமல் ஆப்பிள் செய்துதர ஒப்புக்கொண்டுவிட்டு, மூன்று முறை முயன்று மூன்றிலும் தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை கேரமல் வழிந்து தட்டில் குளமாகத் தேங்கியது. இரண்டாம் முறை கல்லாகிவிட்டது. கடித்துப் பார்த்த உங்கள் மாமியார் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் முறை பதம் நன்றாக வந்தும், அரை மணி நேரத்தில் கேரமல் மொத்தமாக நழுவிக் கீழே இறங்கிவிட்டது. ஆப்பிளில் பூசும் மெழுகுதான் காரணமா, சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போடலாமா, முதல்நாள் இரவே செய்து வெளியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப்போகலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்முறை கேட்பதுபோல இருந்தாலும் உங்களிடம் செய்முறை ஏற்கெனவே இருக்கிறது. உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு விஷயம். பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பது ஒன்று. ஆப்பிள் தோலுக்கும் கேரமலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் இரண்டு தோல்வியும் முதல் விஷயத்தால் வந்தவை. மூன்றாவது தோல்வியும், கடைசியாகப் போகிற போக்கில் கேட்ட அந்த ‘முதல்நாள் இரவே’ கேள்வியும் இரண்டாவது விஷயத்தைச் சேர்ந்தவை. நானாக இருந்தால் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருடமாகப் பாகு அடுப்பில் நிற்கிறவன். தருமபுரியில் ஓர் இனிப்புக் கடையில் சரக்கு மாஸ்டருக்குக் கையாளாகச் சேர்ந்து, அப்புறம் ஓசூரில் ஒரு பேக்கரி, இப்போது கிருஷ்ணகிரியில் சின்னதாகச் சொந்தக் கடை. கேரமல் ஆப்பிள் நம் ஊர்ச் சரக்கு இல்லை; ஓசூரில் இருந்தபோது வாடிக்கையாளர் ஒருவர் கிறிஸ்துமஸுக்குக் கேட்டதால் கற்றுக்கொண்டது. ஒரே நாளில் நான் அதிகம் செய்தது 25 ஆப்பிள்தான். ஆகவே பாகைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கிருமிகளைப் பற்றிச் சொல்வது ஆய்வகத்தில் கண்டறிந்து மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் காணொளிகளில் இரண்டு பண்டங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். சிவப்பாக, கண்ணாடிபோலப் பளபளவென்று, கடித்தால் நொறுங்குகிறது ஒன்று. அது கேண்டி ஆப்பிள். இங்கிலாந்தில் டாஃபி ஆப்பிள் என்பார்கள். வெறும் சர்க்கரைப் பாகை 150 டிகிரி செல்சியஸ் வரை முறுக விட்டுத் தோய்ப்பது. அமெரிக்காவில் நியூவார்க் நகரத்து மிட்டாய்க்காரர் ஒருவர் 1908இல் இதைத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. இன்னொன்று பழுப்பாக, மெத்தென்று, இழுத்தால் நீள்கிறது. பாலும் வெண்ணெயும் சேர்ந்த இதுதான் கேரமல் ஆப்பிள், 1950களில்தான் பரவலானது. உங்கள் இரண்டாவது முயற்சியில் ‘நன்றாகப் பழுப்பு நிறம் வரும்வரை’ காய்ச்சியதாகச் சொல்கிறீர்கள். மெத்தென்ற பண்டத்துக்கான சாமான்களைப் போட்டு, நொறுங்கும் பண்டத்தின் பதத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. பாகின் வெப்பம் என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதன் கணக்கு. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறையத்தான் கொதிக்கும் வெப்பம் ஏறும். 118 முதல் 120 டிகிரியில் பாகில் நூற்றுக்கு 87 பங்கு சர்க்கரை, மீதி தண்ணீர். 150 டிகிரியில் 99 பங்கு சர்க்கரை, அதனால்தான் கண்ணாடியாகிறது. நிறம் இந்தக் கணக்கில் வராது. பால் சேர்ந்த கேரமலில் பழுப்பு நிறம் வருவது பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து மாறுவதால். நிதானமான தீயில் நீண்ட நேரம் கிண்டினால் பதம் வருமுன்பே நிறம் வந்துவிடும்; பெரிய தீயில் பதம் தாண்டியும் வெளுப்பாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து இறக்குகிறவர்களுக்கு ஒரு நாள் குளம், ஒரு நாள் கல்.

உங்கள் முதல் முயற்சி எங்கே தவறியது என்பதும் இதிலேயே இருக்கிறது. சர்க்கரையை வெறும் சட்டியில் உருக்கி, சிவந்ததும் வெண்ணெயும் கிரீமும் ஊற்றிக் கலந்து உடனே இறக்கியிருக்கிறீர்கள். அது கேரமல் சாஸ். ஐஸ்கிரீம் மேல் ஊற்ற அருமையாக இருக்கும், ஆப்பிள்மேல் நிற்காது. நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு நூற்றுக்கு 25 பங்குதான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்து வெளியேற்றாமல் இறக்கினால் எவ்வளவு நேரம் ஆறவைத்தாலும் கெட்டியாகாது.

சரி, எந்தப் பதம்? தெர்மாமீட்டர் இல்லாமலே நம் வீடுகளில் பாகு பார்க்கத் தெரியும். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டிப் பாருங்கள். அதிரசத்துக்குப் பார்க்கிற தக்காளிப் பதத்தில் அது கூடும், ஆனால் கையில் எடுத்தால் தட்டையாகப் படிந்துவிடும். கடலை உருண்டைக்குப் பார்க்கிற பதத்தில் உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும். கேரமல் ஆப்பிளுக்கு இரண்டுக்கும் நடுவில் வேண்டும்: உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் அமுங்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அடுப்பைக் குறைத்துவிடுங்கள். நீங்கள் உருட்டிப் பார்க்கிற ஒரு நிமிடத்தில் சட்டியிலிருப்பது அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

தெர்மாமீட்டர் வைத்திருந்தால் இன்னொரு சங்கதி. நான் ஓசூருக்குப் போன புதிதில், வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து 120 டிகிரியில் இறக்கினேன். நாலு முறை செய்தும் நாலு முறையும் சவ்வுபோலக் கடினமாகவே வந்தது. கொதிக்கிற தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 97தான் காட்டியது. கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாங்கிய கடைக்கே கோபமாகத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, ‘தம்பி, நீங்க மேட்டுல இருக்கீங்க’ என்றார். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. தருமபுரி நகரம் அதில் பாதிதான், 460 மீட்டர் போல. புத்தகத்தில் இருக்கும் எண் கடற்கரைக்கு எழுதியது. ஓசூரில் 120 என்றால் கடற்கரையில் 123. மெத்தென்ற கேரமலுக்கு அந்த மூன்று டிகிரி பெரிய வித்தியாசம். நீங்கள் கணக்கெல்லாம் போடவேண்டாம். செய்வதற்கு முன் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து அதில் தெர்மாமீட்டரை விடுங்கள். 100க்கு எத்தனை குறைவாகக் காட்டுகிறதோ அத்தனையை 118இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வந்த வித்தியாசமும், கருவியில் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே கழிந்துவிடும். தண்ணீர்ச் சொட்டுச் சோதனைக்கு இந்தத் தொல்லையே இல்லை. எந்த மேட்டிலும் பதம் பதம்தான். துப்பாக்கிபோல நீட்டிப் பார்க்கிற கருவியை மட்டும் நம்பாதீர்கள், அது மேலே படிந்த நுரையின் சூட்டைத்தான் சொல்லும்.

என் அளவு இது: சர்க்கரை 400 கிராம், திரவ குளுக்கோஸ் 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பால் 400 கிராம் டப்பா ஒன்று, உப்பு அரை டீஸ்பூன். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கேரமல் வரும்; சின்ன ஆப்பிள் 15க்குப் போதும். சர்க்கரையை முதலில் 150 மில்லி தண்ணீரில் முழுதும் கரையவிட்டு, குளுக்கோஸ் சேர்த்துக் கொதி வந்தபின் வெண்ணெயும் பாலும் ஊற்றுங்கள். அதன்பின் இறக்கும்வரை கையை எடுக்கக்கூடாது. பால் அடிப்பிடிக்கும், பிடித்ததைச் சுரண்டினால் கருப்புத் துணுக்குகள் மேலே வரும். பாத்திரம் அடிகனமானதாகவும், நீங்கள் நினைப்பதைவிட மூன்று மடங்கு பெரியதாகவும் இருக்கட்டும், பொங்கும். குளுக்கோஸ் எதற்கு என்று கேட்பீர்கள். சர்க்கரை மறுபடி படிகமாகி மணல் மணலாகப் பூத்துப்போகாமல் தடுக்க. கிருஷ்ணகிரி, ஓசூரில் பேக்கரிச் சாமான் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சர்க்கரை கரைகிற கட்டத்தில் அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிளந்து அதே வேலையைச் செய்யும். ஆனால் அப்படிச் செய்தால் பால் ஊற்றுமுன் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

வெல்லக் கேள்விக்கும் பாதிப் பதில் இதுதான். வெல்லத்தில் அப்படிப் பிளந்த சர்க்கரை இயல்பாகவே கொஞ்சம் இருப்பதால் பூத்துப்போகிற பயம் குறைவு. தொல்லை பால்தான். பாயசத்தில் கொதிக்கிற பாலில் வெல்லம் போட்டால் திரிவது தெரிந்த கதை; வெல்லத்தின் புளிப்பும் அதிலுள்ள உப்புச் சத்துகளும் காரணம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி (மண் கட்டாயம் இருக்கும்), 400 கிராமுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, நுரை அடங்கியதும் பாலை ஊற்றுங்கள். அல்லது பாலையே விட்டுவிட்டுக் கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றுங்கள். என் கருத்தில் வெல்லத்துக்குத் தேங்காய்ப் பால்தான் ஜோடி, மற்றதெல்லாம் சமாளிப்பு. மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் வெல்லம் வேண்டாம், அந்த நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்கிற வழக்கம் உண்டு. கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து வரும் கருத்த வெல்லம் கேட்டு வாங்குங்கள். சுவை ஆழமாக இருக்கும், உப்புக் கரிப்பு லேசாகத் தெரியும், நிறம் கிட்டத்தட்டக் கருப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் பாதி சர்க்கரை, பாதி வெல்லம் போதும்.

இனி அந்த மூன்றாவது தோல்வி. பதம் சரி, ஆனால் நழுவிவிட்டது. கேரமல் தோலைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நடுவில் ஏதோ புகுந்திருக்கிறது. மெழுகு, தண்ணீர், சாறு இந்த மூன்றில் ஒன்று, பெரும்பாலும் மூன்றும்.

ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடுவதால், தொலைதூரம் அனுப்புகிறவர்கள் காய்ந்து சுருங்காமலிருக்க மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்கிறார்கள். கத்தியால் சுரண்டி ‘பாருங்கள் மெழுகுவத்தி’ என்று காட்டுகிற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். தேன்மெழுகு, கார்னோபா என்ற பனைமர இலையின் மெழுகு, அரக்கு ஆகியவற்றை அளவாகப் பூச நம் நாட்டு உணவுச் சட்டம் அனுமதிக்கிறது. சுரண்டினால் வெள்ளையாக வருகிறது என்பதை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. நமக்கு இங்கே பிரச்சினை உடம்புக்கு அல்ல, வழுக்கலுக்கு. கார்னோபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே குழாய்த் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஒட்டுச்சீட்டைப் பிய்த்துவிட்டு, நன்றாகக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் எண்ணிப் பத்து வினாடி முக்கி எடுத்து, சூடு ஆறுமுன் சொரசொரப்பான பருத்தித் துண்டால் அழுத்தித் துடையுங்கள். பளபளப்பு மங்கும், அதுதான் அடையாளம். முழுதும் போய்விடும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். கேரமல் பிடிக்கிற அளவுக்குப் போகும். பத்து வினாடிக்கு மேல் விட்டால் தோல் வெந்து சுருங்கும்.

துடைத்ததும் தோய்க்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் குறைந்தது ஒரு மணி நேரம் உலரட்டும். காம்புக் குழியில் தண்ணீர் ஒளிந்திருக்கும், துணி முனையால் ஒற்றி எடுங்கள். ஆப்பிளைக் குளிர்பெட்டியில் வைத்து ஜில்லென்று எடுத்தால் கேரமல் சீக்கிரம் உறையும் என்று பல செய்முறைகளில் இருக்கிறது. இதில் கருத்து வேறுபாடு உண்டு. குளிர்ந்த வறண்ட நாட்டில் அது சரியாக இருக்கலாம். நம் ஊரில், அதுவும் புரட்டாசி ஐப்பசி மழையில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இரண்டாவது நிமிடம் ஆப்பிள்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் பூக்கும். அதன்மேல் கேரமல் உட்காராது. நான் அறைச் சூட்டில் வைத்துத்தான் தோய்க்கிறேன். நீங்கள் மூன்றாவது முறை குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்துத் தோய்த்ததாகச் சொன்னதால், என் பந்தயம் மெழுகைவிட இதன்மேல்தான்.

கேரமலும் அடுப்பிலிருந்து இறக்கியவுடன் தோய்க்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தோய்த்தால் தண்ணீராக ஓடும், ஆப்பிள் தோலுக்குள் இருக்கும் ஈரமும் ஆவியாகி நடுவில் கொப்புளம் கட்டும். கொப்புளம் கட்டிய இடமெல்லாம் பிடிப்பு இல்லாத இடம். கிண்டாமல் ஆறவிட்டு, 90 டிகிரி அளவுக்கு வந்ததும், அதாவது கரண்டியில் எடுத்து ஊற்றினால் நாடாபோல மடிந்து விழும்போது, ஆப்பிளைச் சாய்த்துச் சுழற்றித் தோயுங்கள். தூக்கியபின் குச்சியைப் பிடித்து அரை நிமிடம் வழியவிட்டு, அடிப்பாகத்தைப் பாத்திர விளிம்பில் வழித்துவிடுங்கள். இந்த வழித்தலை யாரும் சொல்வதில்லை. தட்டில் தேங்குகிற பாதிக் குளம் இதைச் செய்யாததால் வருவது.

ஆப்பிள் தேர்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னதாக, கல்லுமாதிரி, கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும். இறக்குமதிப் பச்சை ஆப்பிள் இதற்கென்றே பிறந்தது, ஓசூர், கிருஷ்ணகிரிப் பழக்கடைகளில் கிடைக்கும், விலை கூடுதல். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும் இமாசலப் பிரதேச ஆப்பிளும், அதற்கடுத்து வரும் காஷ்மீர் ஆப்பிளும் புதிதாக இருக்கும்போது போதுமானவை. கோடையில் கிடைப்பது மாதக்கணக்கில் கிடங்கில் இருந்ததாக இருக்கும். ஒன்றை வாங்கி அங்கேயே கடித்துப் பாருங்கள், மாவாக இருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். குச்சி பென்சில் கனத்தில் மூங்கிலாக இருக்கட்டும். குச்சி ஐஸுக்கு வருகிற மெல்லிய தட்டைக் குச்சி ஆப்பிள் எடையில் சாயும். எங்கள் கடையில் ஒரு பையன் மூங்கில் தீர்ந்துவிட்டது என்று வேப்பங்குச்சியைச் சீவிக் குத்திவைத்தான். அன்று வந்த புகார்களை இங்கே எழுத முடியாது.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. முதல்நாள் இரவு செய்து வெளியே வைக்கலாமா? கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

2014 இறுதியில் அமெரிக்காவில் கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிள் சாப்பிட்டு 12 மாநிலங்களில் 35 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமியால் நோய் வந்தது. அவர்களில் 7 பேர் இறந்துபோனார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் கணக்குப்படி அதில் கிருமி வளரவே கூடாது. ஆப்பிள் புளிப்பு, அந்தப் புளிப்பில் லிஸ்டீரியா வளராது. கேரமலில் கிருமிக்கு வேண்டிய தண்ணீர் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2015இல் வெளியிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: குச்சி குத்திய ஓட்டை வழியாகச் சாறு கசிந்து, தோலுக்கும் கேரமலுக்கும் நடுவில் மெல்லிய ஈரப்படலமாகத் தங்குகிறது. தோலின்மேல் ஏற்கெனவே கிருமி இருந்தால் அந்த இடுக்கு அதற்கு வீடு. குச்சி குத்திய ஆப்பிளை 25 டிகிரி அறையில் வைத்தபோது மூன்றே நாளில் கிருமி ஆயிரம் மடங்கு பெருகியது. குச்சி இல்லாததில் தாமதமாகத்தான் வளர்ந்தது. 7 டிகிரி குளிரில் வைத்தபோது குச்சி குத்தியதில்கூட ஒரு வாரம்வரை வளரவில்லை.

உங்கள் கேரமலை நழுவவைத்ததும் இதுபோன்ற ஈரப்படலம்தான். நழுவியது கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது.

ஒரே இரவில் ஆயிரம் மடங்கு ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோதனையில் கிருமியை வேண்டுமென்றே தடவித்தான் வைத்தார்கள், உங்கள் ஆப்பிளில் அது இல்லாமலே இருக்கலாம். ஆனால் நம் சமையலறை 25 டிகிரியில் இருப்பது வருடத்தில் எத்தனை நாள்? கொதிநீரில் முக்கியது கிருமியைக் குறைக்கும், காம்புக் குழிக்குள் இருப்பதை முழுதும் கொல்லும் என்று நம்ப முடியாது. சாப்பிடப்போவது 40 வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்கு எடுத்துப்போனால் கர்ப்பிணி அக்காவோ வயதான பாட்டியோ ஒரு கடி கடிப்பார்கள். லிஸ்டீரியா அவர்களைத்தான் மோசமாகத் தாக்கும்.

வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கேரமலை மட்டும் மூன்று நான்கு நாள் முன்பே காய்ச்சலாம். தனியாக இருக்கும்வரை அதில் கிருமி வளரத் தண்ணீர் கிடையாது. வெண்ணெய் தடவிய எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடினால் ஒரு வாரம் தாங்கும். 40க்கு மூன்று ஈடு ஆகும். மூன்றையும் ஒரே சட்டியில் போடாதீர்கள், வீட்டு அடுப்பில் நடுவில் வேகாது, ஓரத்தில் தீயும். ஆப்பிளை முதல்நாளே கழுவி, மெழுகெடுத்து, உலர்த்திச் சுத்தமான துணியில் வைத்துக்கொள்ளலாம், குச்சி மட்டும் குத்தாமல். விழா அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு கேரமலை இரண்டு கரண்டிப் பாலோடு குறைந்த தீயில் இளக்கி, குச்சி குத்தியவுடன் தோய்த்து அடுக்கினால் ஏழு மணிக்கு முடிந்துவிடும். குச்சியை முக்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள். அடிவரை துளைத்தால் சாறு கீழேயும் ஒழுகும். விழா மாலையில்தான் என்றால் தோய்த்து உறைந்ததும் குளிர்பெட்டியில் வைத்து, கொடுப்பதற்கு அரை மணி முன் எடுங்கள். மேலே கொஞ்சம் வேர்க்கும், பரவாயில்லை. அன்றைக்கு மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் குச்சி ஆப்பிள் வேண்டாம். முழு ஆப்பிளை நாலு கடி கடித்துவிட்டு மீதியை மண்ணில் போடும் வயது அது. ஒட்டுகிற மிட்டாயும் கெட்டிப் பழத்துண்டும் தொண்டையில் அடைக்கிற ஆபத்தும் உண்டு. ஆப்பிளை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஒரு முறை முக்கி வடித்து, காகிதக் கப்பில் போட்டு, உங்கள் முதல் முயற்சியில் வந்ததே அந்தச் சாஸை, மேலே ஒரு கரண்டி ஊற்றிக் கொடுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய்க் காலத்தில் நான் கிளிமூக்கு மாங்காய் வில்லைக்கு இதே சாஸை வெல்லத்தில் செய்து ஊற்றிக் கொடுப்பேன், ஆப்பிளைவிட அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

காய்ச்சும்போது பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் சமையலறைக்கு வெளியே இருக்கட்டும். கொதிக்கும் தண்ணீர் கையில் பட்டால் வழிந்துவிடும். பாகு பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வேகும். என் இடது மணிக்கட்டில் தருமபுரிக் கடையில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. பட்டுவிட்டால் பிய்த்து எடுக்கப் பார்க்காமல் உடனே தண்ணீருக்குள் கையை விட்டு இருபது நிமிடம் வைத்திருங்கள்.

பட்டர் பேப்பரில் லேசாக வெண்ணெய் தடவித்தான் ஆப்பிளை நிறுத்த வேண்டும், வெறும் தட்டில் வைத்தால் அடிக் கேரமல் தட்டோடு போய்விடும். குச்சி 40 வாங்காதீர்கள், 50 வாங்குங்கள். கெட்டி ஆப்பிளில் குத்தும்போது நாலைந்து கட்டாயம் பிளக்கும்.